ஹோராயோஸ்: வேளையும் அழகும் ஒரே வேரில் வந்த கதை. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைபேசியில் ஒரு செய்தி வெகுநாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "வேதாகமக் கிரேக்கத்தில் அழகு என்ற சொல்லுக்குத் 'தன் வேளையில் இருப்பது' என்று பொருள். பழுத்த கனி அழகு, பழுக்காததும் அழுகியதும் அழகில்லை. தன் வயதுக்கு ஏற்றபடி இருப்பவரே அழகானவர்." கூடவே ஒரு பூவின் படம் இருக்கும். என்னிடம் வேதபாடம் படிப்பவர்கள் இதைக் காட்டி, "இது உண்மையா?" என்று கேட்காத மாதமே இல்லை. பாதி உண்மை என்று சொன்னால் எந்தப் பாதி என்று அடுத்த கேள்வி வருகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறோம்? அதை எப்படி உச்சரிப்பது?

ஹோராயோஸ். இது பெயரடை. ஆண்பாலில் ஹோராயோஸ், பெண்பாலில் ஹோராயா, அஃறிணையில் ஹோராயோன். வேதாகமச் சொற்களுக்கு ஸ்டிராங் அகராதி தருகிற எண்ணை வைத்துத் தேடுகிறவர்களுக்கு 5611. அதற்கு முந்தைய எண்ணான 5610-ல் இருப்பது ஹோரா. இந்தச் சொல்லைப் பெற்ற தாய் அதுதான்.

வகுப்பறைகளில் சொல்லும் உச்சரிப்பைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இன்றைய கிரேக்கர் முன்னால் வரும் 'ஹ'வை விட்டுவிட்டு "ஒரேஒஸ்" என்கிறார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் குற்றமில்லை.

ஹோரா என்றால் மணி நேரம்தானே? அதிலிருந்து அழகு எப்படி வந்தது?

மணி நேரம் என்பது அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்த வேலை. முதலில் ஹோரா என்றால் பருவம், அதாவது ஆண்டில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு காலம்: உழவுக்கான காலம், அறுப்புக்கான காலம், கப்பலைக் கடலில் இறக்குகிற காலம். கி.மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்த கவிஞர் ஹெசியோது தம் 'வேலைகளும் நாட்களும்' என்ற நூலில் பருவம் பார்த்துக் கடலில் இறங்கச் சொல்கிறார். பருவக் கடற்பயணத்துக்கு அவர் போடும் அடைமொழி இதே ஹோராயோஸ்தான். அங்கே அழகு என்ற பேச்சே இல்லை. "காலத்தே பயிர் செய்" என்று நம் வீட்டில் சொல்கிற அதே தொனி.

பருவத்துக்கு வந்த விளைச்சலையும் கிரேக்கர் 'ஹோராயா' என்றார்கள். பருவத்துக்கு வந்த பழம் பார்க்கவும் நன்றாக இருக்கும், அல்லவா? மாம்பழக் கடையில் ஒரு பாட்டி பழத்தைக் கையில் எடுத்து, காம்புப் பக்கம் முகர்ந்து, லேசாக அழுத்திப் பார்த்து, "இது இன்னும் ரெண்டு நாள் போகணும்" என்று திருப்பி வைக்கிறாளே, அவள் பார்ப்பது நிறத்தை மட்டுமா? பதத்தை. அந்தப் பதம் மனிதருக்குத் தாவியபோது, இளமை பூத்து நிற்கும் உடம்பும் முகமும் ஹோராயோஸ் ஆயின. அப்புறம் மெல்ல மெல்லப் பருவம் என்ற நினைப்பு தேய்ந்து, வெறுமனே 'அழகான' என்ற பொருள் மட்டும் நின்றது.

தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம் என்று எனக்குத் தோன்றும். 'பருவம்' என்ற நம் சொல்லும் இதே வேலையைச் செய்கிறது. பருவ மழை, பருவப் பெண், பயிர் பருவத்துக்கு வந்தாயிற்று. மழையையும் பெண்ணையும் பயிரையும் ஒரே சொல்லால் பேசுகிறோம், யாரும் குழம்புவதில்லை. முருகு என்ற பழஞ்சொல்லையும் பாருங்கள். அழகு, இளமை, மணம் மூன்றும் அதற்குப் பொருள். கிரேக்கர் போன வழியில் நாமும் தனியாகப் போயிருக்கிறோம்.

ஹோராக்கள் கிரேக்கருக்குத் தெய்வங்களும்கூட. ஏதென்ஸில் வழிபட்டவர்களில் இரண்டு பேர் தல்லோ, கார்ப்போ. முதல் பெயருக்குள் இருப்பது துளிர்த்தல், இரண்டாவதற்குள் காய்த்தல்.

எதிர்ச்சொல் ஆஓரோஸ், 'வேளை தப்பியது'. காலம் வராமலே இறந்துபோன இளைஞர்களின் கல்லறைக் கல்வெட்டுகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அகால மரணம் என்று நாம் சொல்வதும் இதுதான்.

நம் காலண்டரில் இருக்கும் 'ஓரை'க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு! கிழிக்கிற தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டத்தோடு சுக்கிர ஓரை, குரு ஓரை என்று போட்டிருப்பார்களே, அந்த ஓரை கிரேக்க ஹோராதான். கிரேக்க சோதிடத்தோடு அது வடமொழிக்கு 'ஹோரா'வாக வந்தது, அங்கிருந்து நமக்கு ஓரையாக வந்தது. பழைய வடமொழிச் சோதிட நூலாசிரியர் வராகமிகிரர் 'அஹோராத்ர' (பகலும் இரவும்) என்ற சொல்லின் முதலெழுத்தும் கடையெழுத்தும் விழுந்து 'ஹோரா' ஆனது என்ற விளக்கத்தையும் குறித்து வைத்திருக்கிறார். கேட்க நயமாக இருக்கிறது, ஆனால் சொல் வந்த வழி கிரேக்கம்தான்.

தொல்காப்பியத்தில் "மறைந்த ஒழுக்கத்து ஓரையும் நாளும்" என்று வருகிற ஓரையும் இதுவா, வேறு தமிழ்ச் சொல்லா என்பதில் தமிழறிஞர்களுக்குள் பழைய வழக்கு ஒன்று உண்டு. தொல்காப்பியத்தின் காலத்தையே அந்த ஒரு சொல்லை வைத்துக் கணிக்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சங்கப் பாட்டில் பெண்கள் ஆடுகிற 'ஓரை' விளையாட்டு வேறு.

ஓரை பார்ப்பதைச் சபையில் கடிந்து பேசுகிற போதகர்கள் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதே சொல் நூறு தடவைக்கு மேல் இருக்கிறது. "என் வேளை இன்னும் வரவில்லை" என்று கானாவூரில் இயேசு சொல்கிறாரே, அந்த 'வேளை' ஹோரா.

புதிய ஏற்பாட்டில் ஹோராயோஸ் எத்தனை இடத்தில் வருகிறது?

நான்கே இடம். மத்தேயு 23:27, அப்போஸ்தலர் 3:2, 3:10, ரோமர் 10:15. அப்போஸ்தலரில் வரும் இரண்டும் ஒரே வாசலைப் பற்றியவை. ஆக, பொருள் என்று பார்த்தால் மூன்று: ஒரு கல்லறை, ஒரு வாசல், ஒரு ஜோடிக் கால். முகத்தழகைச் சொல்ல ஒரு தடவைகூட இல்லை.

கல்லறையை ஏன் அழகு என்கிறார்கள்?

மத்தேயுவில் இயேசு பரிசேயர்களைக் கடிந்து சொல்வது: "வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளுக்கு ஒப்பாயிருக்கிறீர்கள், அவைகள் புறம்பே அலங்காரமாய்க் காணப்படும்." இந்த 'அலங்காரமாய்' என்பதுதான் ஹோராயோஸ். கல்லறையைத் தொட்டால் தீட்டு என்பதால், பஸ்காவுக்கு வருகிறவர்கள் தெரியாமல் மிதித்துவிடாதபடி முந்தின மாதத்திலேயே கல்லறைகளைச் சுண்ணாம்பால் அடையாளப்படுத்துவார்கள். எச்சரிக்கைக்காக அடித்த வெள்ளை வெயிலில் பளிச்சென்று அழகாகத் தெரிகிறது. இயேசுவின் குத்தல் அங்கேதான் இருக்கிறது.

கைபேசிச் செய்தியை அனுப்பியவர்கள் இந்த வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கல்லறைக்கு என்ன பருவம்? சுண்ணாம்புக்கு என்ன பதம்? உள்ளே எலும்பு, வெளியே ஹோராயோஸ். 'தன் வேளையில் இருப்பது' என்ற பொருளை இங்கே வைத்தால் வாக்கியமே உடைந்துவிடும். முதல் நூற்றாண்டில் இந்தச் சொல் சாதாரணமாக 'பார்வைக்கு அழகான' என்றே பயன்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

'அலங்கார வாசல்' எது?

அப்போஸ்தலர் 3-ல் பேதுரு குணமாக்கிய, பிறவியிலேயே நடக்க முடியாத ஒருவரை நாள்தோறும் சுமந்துவந்து வைத்த வாசல். எருசலேம் தேவாலயத்துக்குப் பல வாசல்கள். அவற்றில் கொரிந்து வெண்கலத்தால் ஆன ஒன்று பொன்னும் வெள்ளியும் பூசிய மற்றவற்றைவிட உயர்ந்தது என்று யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதுகிறார். யூத மரபில் நிக்கானோர் வாசல் என்று சொல்லப்படுவதும் இதுவும் ஒன்று, அலங்கார வாசலும் அதுதான் என்பது பலருடைய எண்ணம். ஆனால் 'அலங்கார வாசல்' என்ற பெயர் அப்போஸ்தலர் நடபடிகளைத் தவிர வேறு பழைய யூத நூலில் இல்லை.

எருசலேமின் கிழக்குச் சுவரில் இன்று மூடிக்கிடக்கும் 'பொன் வாசல்' இதுதான் என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள். கிரேக்க 'ஹோராயா'வைக் கேட்டவர்கள் லத்தீனில் பொன் என்று பொருள்படும் 'ஔரேயா'வாக எடுத்துக்கொண்டதால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. இன்று நிற்கிற கட்டடம் அந்தத் தேவாலயம் இடிந்து நூற்றாண்டுகள் கழித்து வந்தது. பேதுரு கடந்துபோன வாசல் அதுவாக இருக்க முடியாது.

கிரேக்கத்தில் படித்தால் மட்டும் காதில் விழுகிற ஒரு விஷயம் இருக்கிறது. அப்போஸ்தலர் 3:1-ல் "ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்திலே", அங்கே ஹோரா. அடுத்த வசனத்திலேயே ஹோராயா. நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி. இதை எழுதிய லூக்கா வேண்டுமென்றே அடுத்தடுத்து வைத்தாரா, தானாக விழுந்ததா? தானாக விழுந்தது என்றே நினைக்கிறேன். ஜெபவேளையும் உண்மை, வாசலின் பெயரும் உண்மை, இரண்டையும் சொல்லாமல் கதை நகராது. ஆனாலும் சத்தமாக வாசிக்கிறபோது அந்த இரண்டு சொல்லும் மோதிக்கொள்ளும் ஓசை எனக்குப் பிடிக்கும்.

"பாதங்கள் எவ்வளவு அழகானவைகள்": கால் எப்படி அழகாக இருக்கும்?

எனக்கு இருப்பதிலேயே பிடித்த இடம் இது. மலைப்பாதையில் ஓடிவந்த தூதுவன் கால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புழுதி, வெடிப்பு, முள் கீறல். அதை அழகு என்று பாடியவர் ஏசாயா (52:7). பவுல் அதைத்தான் ரோமர் 10:15-ல் எடுத்தாள்கிறார்.

எபிரெயத்தில் இருப்பது "மா நாவூ", எவ்வளவு இனிதாக, எவ்வளவு பொருத்தமாக இருக்கின்றன என்பது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்த் அந்த இடத்தில் வேறு வழியில் போயிருக்கிறது. "மலைகளின்மேல் ஹோரா போல நான் வந்திருக்கிறேன், சமாதானச் செய்தி சொல்பவனின் பாதங்களைப் போல" என்று ஒரு வாக்கியம். முந்தின வசனத்தில் பேசிக்கொண்டிருந்த கடவுளே இங்கும் பேசுகிறார். மலைகள்மேல் ஹோரா போல! மலையில் பருவம் வந்து இறங்குவது போல. குறிஞ்சி பூக்கிற ஆண்டில் மலை எப்படி மாறும் என்று பார்த்தவர்களுக்கு இந்த உவமை உடனே பிடிபடும்.

பவுல் அந்த ஹோராவை விட்டுவிட்டு, எபிரெயத்துக்கு நெருக்கமாக "ஹோராயோய் பாதங்கள்" என்கிறார். பெயர்ச்சொல் போய்ப் பெயரடை வந்துவிட்டது, வேர் மட்டும் அதேதான். அதனால் இங்கே 'வேளையறிந்து வந்த பாதங்கள்' என்று பொருள் கொள்ளலாம் என்று சொல்கிற உரையாசிரியர்கள் உண்டு. முடிந்தது என்று நினைத்திருந்தவனுக்குச் சரியான நேரத்தில் செய்தி கொண்டுவந்த கால். நான் அதை ஏற்பேன். நான்கு இடத்தில் பருவத்தின் வாசனை அடிக்கிறது என்றால் இந்த ஓரிடத்தில்தான்.

பழைய ஏற்பாடு எபிரெயத்தில் எழுதப்பட்டது. அதில் கிரேக்கச் சொல்லைத் தேடுவது சரியா?

கி.மு. மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் எகிப்து யூதர்கள் உருவாக்கிய செப்டுவஜிந்த்தான் முதல் கிறிஸ்தவர்கள் பெரும்பாலோர் வாசித்த வேதம். ஆகவே சொல்லின் பழக்கவழக்கத்தை அங்கே போய்ப் பார்ப்பது நியாயம்தான்.

ஆதியாகமம் 2:9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "பார்வைக்கு அழகும் புசிப்புக்கு நலமுமான சகலவித விருட்சங்களையும்." கிரேக்கத்தில் 'அழகு' ஹோராயோன், 'நலம்' காலோன். தமிழ் வேதாகமம் எபிரெயத்திலிருந்து வந்தது என்றாலும், அழகு, நலம் என்ற இரண்டு சொல்லும் கிரேக்கத்தின் இரண்டு சொல்லோடு அச்சாகப் பொருந்துகின்றன. மரம், கனி, பார்வை. ஹோராயோஸ் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் ஏவாள் மரத்தைப் பார்க்கிறபோதும் இதே சொல் வருகிறது.

ராகேலுக்கும் அவள் மகன் யோசேப்புக்கும் ஏறக்குறைய ஒரே வாய்பாடு: உருவத்தில் காலோஸ், பார்வையில் ஹோராயோஸ். யோசேப்புக்கு மட்டும் 'மிகவும்' என்று ஒரு சொல் கூடுதல். போத்திபார் மனைவியின் கதை அதற்கு அடுத்த வசனத்தில் தொடங்குவதால் அந்தக் கூடுதல் தேவைப்பட்டது போல.

கத்தோலிக்கர் வேதாகமத்தில் உள்ள சீராக்கின் ஞானத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு முகம். 25-ஆம் அதிகாரத்தில் "நரைத்த தலைக்குத் தீர்ப்புச் சொல்லும் திறன் எவ்வளவு அழகு, முதியோருக்கு ஞானம் எவ்வளவு அழகு" என்று வருகிறது. இளமையில் பிறந்த சொல்லை நரைக்குச் சூட்டியிருக்கிறார்கள். 15-ஆம் அதிகாரத்தில் பாவியின் வாயில் துதி ஹோராயோஸ் ஆகாது, அதாவது பொருந்தாது. 35-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம்: துன்ப காலத்தில் கடவுளின் இரக்கம் ஹோராயோன், வறட்சிக் காலத்து மழைமேகம் போல. காவிரிக் கரைக்காரருக்கோ யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கோ இதற்கு உரை வேண்டாம்.

காலோஸ் என்றாலும் அழகு, ஹோராயோஸ் என்றாலும் அழகு. என்ன வித்தியாசம்?

காலோஸ் அகலமான சொல். அழகு, நன்மை, மேன்மை, தகுதி எல்லாம் அதில் அடங்கும். படைப்பைப் பார்த்துக் கடவுள் "நல்லது" என்று கண்டது கிரேக்கத்தில் காலோன். "நானே நல்ல மேய்ப்பன்" என்பதில் இருப்பதும் காலோஸ். பெத்தானியாவில் தைலம் ஊற்றிய பெண்ணின் செயலை "நற்கிரியை" என்று படிக்கிறோம், அங்கேயும் காலோஸ்தான். 'அழகான செயல்' என்றாலும் தவறில்லை. புதிய ஏற்பாட்டில் சுமார் நூறு இடங்களில் வருகிறது.

ஹோராயோஸ் அத்தனை ஆழம் போவதில்லை. இரண்டையும் பிரித்துக் காட்ட பிளேட்டோவின் 'குடியரசு' பத்தாம் புத்தகத்தில் ஓர் உவமை இருக்கிறது. இசையையும் யாப்பையும் உரித்துவிட்டால் கவிதை எப்படி இருக்கும்? இளமைப் பொலிவு மட்டுமே இருந்து உண்மையான அழகு இல்லாத முகம், அந்தப் பூ உதிர்ந்த பிறகு எப்படித் தெரியுமோ அப்படி இருக்கும் என்கிறார். அந்த முகத்துக்கு அவர் சொல்வது: ஹோராயோஸ்தான், ஆனால் காலோஸ் இல்லை. பதினாறு வயதில் எல்லாரும் அழகு என்று நம்மவர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுதான்.

அப்படியானால் அந்தக் கைபேசிச் செய்தி சரியா, தவறா?

சொல் பிறந்த கதை சரி. அந்தக் கதையையே எல்லா வசனத்துக்கும் பொருளாக வைப்பது தவறு. 'நாற்றம்' என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்பதற்காக இன்று ஒருவரைப் பார்த்து "உங்களிடம் நாற்றம் வருகிறது" என்றால் என்ன நடக்கும்? சொல்லின் பிறப்பு வேறு, பேசுகிறவர் வாயில் அது இருக்கிற நிலை வேறு.

இன்னொன்று. வயதுக்கேற்ப இருப்பதே அழகு என்று அந்தச் செய்தி முடிக்கிறது. பழைய கிரேக்கர் காதில் ஹோரா என்றதும் விழுவது இளமைதான், எந்த வயதுக்கும் அதன் அழகு உண்டு என்ற பெருந்தன்மை அதில் இல்லை. அந்தப் பெருந்தன்மை சீராக்கில்தான் வருகிறது. அதைச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லின் வேரை விட்டுவிட்டு அந்த வசனத்தைக் காட்டினால் எனக்கு ஆட்சேபமில்லை.

"அவர் சகலத்தையும் அதினதின் காலத்திலே நேர்த்தியாகச் செய்திருக்கிறார்": இங்கே ஹோராயோஸ் இருக்குமே?

இருக்கும் என்றுதான் நானும் நினைத்துத் தேடினேன். பிரசங்கி 3:11-ன் கிரேக்கத்தில் நேர்த்திக்குக் காலோஸ், காலத்துக்குக் கைரோஸ். காலமும் அழகும் கைகோக்கிற இந்த இடத்தில் நம் சொல்லைக் காணவில்லை. மொழிகள் நம் பிரசங்கக் குறிப்புக்கு ஒத்துழைப்பதில்லை.

அழகுக்கு வேறு கிரேக்கச் சொற்கள் புதிய ஏற்பாட்டில் உண்டா?

சில உண்டு. குழந்தை மோசேயை "திவ்விய சௌந்தரியமுள்ளவன்" என்கிற இடத்தில் ஆஸ்தேயோஸ். ஆஸ்து என்றால் நகரம், ஆகவே 'நகரத்துக் களை' என்பது போல. பட்டிக்காட்டான், பட்டணத்தான் என்ற பாகுபாடு எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. இன்றைய கிரேக்கத்தில் அந்தச் சொல் நகைச்சுவை என்று ஆகிவிட்டது. பெண்களின் புற அலங்காரத்தைப் பேசும் 1 பேதுரு 3:3-ல் கொஸ்மோஸ், மற்ற இடங்களில் 'உலகம்' என்று நாம் படிக்கும் அதே சொல். யாக்கோபு 1:11-ல் வெயிலில் உதிரும் பூவின் "அழகான வடிவு" எயுப்ரெபேயா. செப்டுவஜிந்த்தில் தாராளமாகப் புழங்கும் கல்லோஸ், அதாவது அழகு என்ற பெயர்ச்சொல், புதிய ஏற்பாட்டில் ஒரு தடவைகூட இல்லை.

இன்றைய கிரேக்கர் இதைப் பயன்படுத்துகிறார்களா?

நாள் முழுக்க. அழகான எதற்கும் ஒரேஒஸ். "சரி, நல்லது, பேசி முடித்தாயிற்று" என்பதற்கு "ஒரேயா!". பழுத்தது என்பதற்கு ஓரிமோஸ், அதே குடும்பம். மேலே சொன்ன ஆஓரோஸ் உருமாறி ஆகூரோஸ் ஆகி, 'காயாக இருப்பது' என்று இன்றும் கடையில் புழங்குகிறது. அதே கிளையிலிருந்து வந்ததுதான் அகோரி, பையன். இன்னும் பழுக்காதவன்!

பெண் குழந்தைக்கு 'ஹோராயா' என்று பெயர் வைக்கலாமா?

இதையும் கேட்டார்கள், அதுவும் இரண்டு பேர். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் பாபிலோனைப் பற்றி எழுதுகிற இடத்தில் இந்தச் சொல் ஊர்ப் பெண்களுக்கு வருகிறது, கல்யாண வயது வந்தவர்கள் என்ற பொருளில். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை அப்படிக் கூப்பிடுவதில் உங்களுக்குச் சங்கடமில்லை என்றால் தாராளமாக வையுங்கள்.